காற்றை ஆங்கிலத்தில் சொல்லப் பழகுவோம்: ஊதுவதிலிருந்து சூறாவளி வரை

காற்று என்றால் 'விண்ட்', ஊது என்றால் 'புளோ'. ஆங்கிலம் தொடங்குகிறவர்கள் பலர் இதோடு நின்றுவிடுகிறார்கள். மிச்சச் சொற்களை அகராதி வரிசையில் பாடமாக்கினால் தங்காது. மூச்சில் தொடங்கி, வேகம் கூடக் கூட அடுக்கிப் பாருங்கள், தங்கும்.

படி 1: வாயும் மூச்சும்

மூச்சு 'பிரெத்', மூச்சு விடுவது 'பிரீத்'. எழுதும்போது இரண்டாவதன் கடைசியில் ஓர் எழுத்துக் கூடும். அப்புறம் 'புளோ'. தேத்தண்ணியை ஊதி ஆற்றுவது, சங்கு ஊதுவது, மூக்குச் சிந்துவது எல்லாவற்றுக்கும் இதுவே போதும். மெழுகுதிரியை ஊதி அணைத்தால் 'புளோ அவுட்', பலூனை ஊதினால் 'புளோ அப்'. வெடிவைத்துத் தகர்ப்பதும் 'புளோ அப்' தான், ஆகவே எதை என்பதைச் சேர்த்தே சொல்லுங்கள். நேற்று ஊதினேன் என்றால் 'புளூ'. நீல நிறத்துக்குரிய அதே ஒலி.

படி 2: வெளிக்காற்று

ஒரு பின்னேரம் மட்டக்களப்பு வாவியின் மேலுள்ள கல்லடிப் பாலத்தில் நில்லுங்கள். வாவியிலிருந்து இதமாக வருவது 'பிரீஸ்'. சட்டென்று ஒரு வீச்சு அடித்துத் தொப்பியைக் கொண்டுபோனால் அது 'கஸ்ட்'. பிரீஸ் தொடர்ந்து வரும், கஸ்ட் வந்து போய்விடும். நடு ஆண்டில் முகத்தைச் சுடும் கச்சான் காற்றைப் பேச்சில் பிரீஸ் என்று சொல்லாதீர்கள். பிரீஸ் என்றால் கேட்பவருக்கு இதம்தான் நினைவுக்கு வரும். 'ஹொட் ட்ரை விண்ட்' என்று விரித்துச் சொல்லுங்கள்.

படி 3: வேக அளவு

பிரித்தானியக் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபோர்ட் 1805இல் காற்றை 0 முதல் 12 வரை வகுத்தார். இன்றைய கணக்கில், மணிக்கு 6 கிலோமீற்றரில் இலை சலசலத்தால் 'லைட் பிரீஸ்'. 40ஐ ஒட்டி வந்து குடை பிடிக்கச் சிரமப்பட்டால் 'ஸ்ட்ரோங் பிரீஸ்'. 62இல் சுள்ளிகள் முறியத் தொடங்கும், அது 'கேல்'. 89ஐத் தாண்டினால் 'ஸ்டோர்ம்'. 118இலிருந்து 'ஹரிக்கேன்', அதுதான் 12.

ஆனால் நம் பக்கத்துச் சூறாவளிக்கு ஹரிக்கேன் என்ற பெயர் பொருந்தாது. அது அத்திலாந்திக் பக்கத்துப் பெயர். இந்து சமுத்திரத்தில் 'சைக்ளோன்'. 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைத் தாக்கியதை ஆங்கிலத்தில் எழுதும்போது இந்தச் சொல்லைத்தான் போட வேண்டும். கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன் 1840களில் வங்கக் கடல் புயல்களை ஆராய்ந்து உருவாக்கிய சொல் இது.

படி 4: களவெட்டியில்

சுளகில் நெல்லைப் புடைப்பதற்கும், காற்றுப் பார்த்துப் பொலி தூற்றுவதற்கும் 'வின்னோ'. பறந்து விழும் பதர் 'சாஃப்'. வின்னோ என்ற சொல் விண்டிலிருந்தே பிறந்தது. 'விண்டோ'வும் அப்படித்தான்: பழைய நோர்ஸ் மொழியில் அதற்குக் காற்றின் கண் என்று பொருள்.

படி 5: சேர்த்துப் பேசுங்கள்

'த விண்ட் இஸ் புளோயிங்', 'இட்ஸ் விண்டி டுடே' இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். தமிழில் பலத்த மழை, பலத்த காற்று என்று ஒரே அடைமொழி போடுகிறோம். அதனால் பலர் 'ஹெவி விண்ட்' என்று சொல்லிவிடுகிறார்கள். மழைக்குத்தான் ஹெவி, காற்றுக்கு 'ஸ்ட்ரோங் விண்ட்'.