பாட்டு வகுப்பில் மின்விசிறி வெளியே பார்க்கட்டும்

கொரோனா போன்ற தொற்று பரவும் காலத்தில் பாட்டு வகுப்பு நடத்துபவர்கள் மேசை மின்விசிறியைச் சன்னலோரம் வைத்து, காற்று வெளியே போகும்படி திருப்பி விடுங்கள். எதிர்ப்பக்கக் கதவையோ சன்னலையோ திறந்து வையுங்கள். ஒரு வகுப்பு முடிந்ததும் பதினைந்து நிமிடம் விட்டு அடுத்த பிள்ளைகளை உள்ளே விடுங்கள்.

சிங்கப்பூரில் நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் இருக்கும் ஏர்கான் அறைக் காற்றையே இழுத்துக் குளிராக்கித் திரும்ப விடுகிறது; புதுக் காற்று வருவதில்லை. வாய்விட்டுப் பாடும்போது நுண்துளிகள் பேசுவதைவிட அதிகம் வெளிப்பட்டு, மூடிய அறையில் நெடுநேரம் மிதக்கும். 2020 மார்ச்சில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இரண்டரை மணி நேரப் பாடல் பயிற்சிக்கு வந்த 61 பேரில் 53 பேர் நோயுற்றனர் அல்லது நோயுற்றதாகக் கருதப்பட்டனர், இருவர் இறந்தார்கள். விசிறி உள்ளே பார்த்தால் ஒரு பிள்ளையின் மூச்சை இன்னொரு பிள்ளை மேல் வீசும். அதனால் திசைதான் முக்கியம். செலவும் இல்லை, வீட்டில் இருக்கும் விசிறியே போதும்.

புகைமூட்டக் காலத்தில் காற்றுத்தரக் குறியீடு 100ஐத் தாண்டினால் இது வேண்டாம். சன்னலை மூடி, நுண்துகள்களைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பானைப் போடுங்கள். சன்னலே இல்லாத கடைத்தொகுதி அறைக்கும் இது உதவாது. அங்கே வாய்ப்பாட்டை ஸூமில் வைத்துக்கொண்டு, வீணை, வயலின் மட்டும் முகக்கவசத்தோடு நேரில் நடத்தலாம். மழை நாளில் மிருதங்கத்தை உறையில் போட்டுச் சன்னலைவிட்டுத் தள்ளி வையுங்கள், ஈரத்தில் தோல் தளர்ந்துவிடும்.