பழ சாண்டோ: கத்தி போகும் வழியைப் பார்த்துப் பழத்தை அடுக்குங்கள்

டோக்கியோவில் எந்தக் கொன்பினிக்குள் (தெருவுக்குத் தெரு இருக்கும் சின்ன பல்பொருள் கடை) நுழைந்தாலும், முட்டை சாண்ட்விச்சுக்குப் பக்கத்தில் முக்கோணப் பொட்டலமாக இது உட்கார்ந்திருக்கும். வெள்ளை பிரெட், வெள்ளை கிரீம், நடுவில் சிவப்பாக ஸ்ட்ராபெரி. ‘ஃபுரூட்சு சாண்டோ’ என்பார்கள், அதாவது பழ சாண்ட்விச். கொன்பினியில் 400 யென் பக்கம் வரும். நிஹொன்பாஷியில் 1834-லிருந்து நடக்கும் செம்பிகியா மாதிரியான பழக்கடைகளின் பார்லரில் உட்கார்ந்து சாப்பிட்டால் ஆயிரம் யென்னைச் சுலபமாகத் தாண்டிவிடும். கியோட்டோவில் 1869-இல் தொடங்கிய யாஓஇசோவும் இதற்குப் பேர்போன கடைதான். அதுவும் பழக்கடை. பேக்கரிக்காரர்களைவிடப் பழக்கடைக்காரர்கள் போற்றி வளர்த்த பண்டம் இது. அதனால்தான் இதில் பிரெட்டுக்கும் கிரீமுக்கும் ஒரே வேலை: பழத்தை அழகாகக் காட்டுவது.

அடுப்பு வேண்டாம், ஓவன் வேண்டாம். கிரீம் அடிக்கத் தெரிந்தால் போதும் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். ருசிக்கு அது போதும்தான். ஆனால் வெட்டிப் பார்த்தால் பாதிப் பழம் தெரியாது, தெரிவதும் கோணலாக இருக்கும். வெட்டிய முகத்தில் என்ன தெரிய வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு அங்கிருந்து பின்னோக்கி வர வேண்டும்.

தேவையானவை (2 சாண்ட்விச்சுக்கு)

பிரெட் 4 துண்டு, கிரீம் 200 மில்லி, சர்க்கரை 16 முதல் 20 கிராம், நடுத்தர அளவு ஸ்ட்ராபெரி 10 அல்லது வேறு பழம். விருப்பப்பட்டால் மஸ்கார்போன் என்ற மிருதுவான சீஸ் 50 கிராம். கிளிங் ராப், மார்க்கர் பேனா, நீளமான கத்தி.

மார்க்கர் பேனா எதற்கு என்று பிறகு சொல்கிறேன். அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பிரெட்

இங்கே ஷொகுபான் என்ற வெள்ளை பிரெட்டை ஒரு ‘கின்’ (ஒரு சின்ன லோஃப்) அளவில், துண்டுகளின் எண்ணிக்கையைப் போட்டு விற்பார்கள். 8 துண்டு பாக்கெட்டை எடுங்கள். ஒவ்வொன்றும் ஒன்றரை சென்டிமீட்டர் கனம் இருக்கும். 6 துண்டு பாக்கெட்டில் பிரெட்தான் வாய் நிறைய வரும், பழம் காணாமல் போகும். பாக்கெட்டில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு துண்டுகளை எடுத்துப் புத்தகத்தைத் திறப்பதுபோல் விரித்து வையுங்கள். அப்போதுதான் மூடும்போது ஓரங்கள் ஒன்றோடொன்று பொருந்தும். ஓரத்தை இப்போது வெட்ட வேண்டாம். முதலிலேயே வெட்டிவிடுபவர்களும் உண்டு. எனக்கு அது பிடிக்காது. ஓரம் இருந்தால் கிரீம் வெளியே பிதுங்காமல் நிற்கும், கடைசியில் சேர்த்து வெட்டினால் பக்கமும் சுத்தமாக வரும்.

சைவம் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டோக்கியோவில் இந்தியர்கள் நிறைய வாழும் நிஷி கசாய் பக்கம் இருக்கும் நம் ஆட்களுக்கு இது தெரிந்திருக்கும், புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். பிரெட் லேபிளில் ‘ராடோ’ என்று இருந்தால் அது பன்றிக்கொழுப்பு. கடையில் செய்து விற்கும் சாண்டோவின் கிரீமில் சில சமயம் ‘ஸெராச்சின்’, அதாவது ஜெலாட்டின் இருக்கும். வீட்டில் செய்தால் இந்தத் தலைவலி பாதி குறையும்.

பழம்

ஸ்ட்ராபெரியைக் காம்போடு கழுவுங்கள், அப்புறம் காம்பை எடுங்கள். காம்பை முதலில் எடுத்தால் தண்ணீர் உள்ளே போகும். கிச்சன் பேப்பரில் ஒற்றி, கொஞ்ச நேரம் அதன் மேலேயே கிடக்கட்டும். ஈரம் இருந்தால் கிரீம் ஒட்டாது, வெட்டும்போது பழம் நழுவி வெளியே வரும். டின் பழமாக இருந்தால் இன்னும் அதிக நேரம் வடிய வேண்டும். டின் மிகான் ஆரஞ்சும் பீச்சும் தாராளமாகப் போடலாம். இங்கே பல கடைகளிலும் அதுதான் வழக்கம்.

பச்சை நிறக் கிவி, டின்னில் வராத புது அன்னாசி, பப்பாளி மூன்றிலும் பால் புரதத்தை உடைக்கும் என்சைம் இருக்கிறது. கிரீமோடு சேர்ந்து சில மணி நேரம் இருந்தால் கசக்க ஆரம்பிக்கும். இவற்றைப் போட்டால் செய்த கையோடு சாப்பிட்டு முடித்துவிடுங்கள். டின் அன்னாசி ஏற்கெனவே சூடுபட்டது, அதில் இந்தப் பிரச்சினை இல்லை.

கிரீம்

ஜப்பானில் கிரீம் பாக்கெட் மேலேயே கொழுப்புச் சதவீதம் பெரிதாகப் போட்டிருக்கும்: 35, 42, 47 என்று. என் ஓட்டு 42-க்கு. 35 லேசாக இருக்கும், ஆனால் பழத்தின் எடை தாங்காமல் தளரும். அதைத்தான் வாங்கினீர்கள் என்றால் மஸ்கார்போன் சேருங்கள். 47 சீக்கிரம் கெட்டியாகும், கண் இமைப்பதற்குள் திரிதிரியாகிவிடும், புதிதாகச் செய்பவர்களுக்கு வேண்டாம். அதே அலமாரியில் ‘ஹோய்ப்பு’ என்று மலிவாக ஒன்று இருக்கும். பெரும்பாலும் தாவர எண்ணெயில் செய்தது. நன்றாக நிற்கும், ருசிதான் இல்லை.

கிரீமை ஃபிரிட்ஜ் கதவில் வைக்காதீர்கள். கதவைத் திறந்து மூடும் குலுக்கலும் சூடும் அதற்கு ஆகாது. உள் தட்டில், பின்பக்கமாக வையுங்கள்.

ஒரு பெரிய பாத்திரத்தில் ஐஸ் தண்ணீர் வைத்து, அதற்குள் கிண்ணத்தை உட்கார வைத்து, கிரீமும் சர்க்கரையும் போட்டு அடிக்கவும். மஸ்கார்போன் சேர்ப்பதாக இருந்தால் அதை முதலில் சர்க்கரையோடு குழைத்துவிட்டு, கிரீமைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். இல்லையென்றால் கட்டி கட்டியாக நிற்கும். எலக்ட்ரிக் பீட்டரை ஆரம்பத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். விஸ்கைத் தூக்கினால் நுனி வளைந்து விழும் பதம் வந்ததும் பீட்டரை நிறுத்திவிட்டு, மிச்சத்தைக் கையால் அடியுங்கள். கேக் மேல் பூசுவதற்கு வளைந்த நுனி போதும். இதற்கு நுனி நிமிர்ந்து நிற்க வேண்டும், கிண்ணத்தைச் சாய்த்தால் கிரீம் அசையக் கூடாது. வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்தது என்பார்கள். இங்கே வெண்ணெய் திரள ஆரம்பித்தாலே கதை முடிந்தது. மேல்பரப்பு மழமழப்பை இழந்து சொரசொரவென்று தெரிந்தால் உடனே நிறுத்தி, அடிக்காத கிரீம் ஒரு ஸ்பூன் விட்டு மெதுவாகக் கலந்து பாருங்கள். லேசாகக் கெட்டதென்றால் மீண்டுவிடும்.

அடுக்குவது

எல்லாருக்கும் சறுக்கும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

முதலில் ஒரு பழத்தைத் தனியாக எடுத்து வெட்டிப் பாருங்கள். ஸ்ட்ராபெரியைக் காம்பிலிருந்து நுனிவரை நீளவாக்கில் வெட்டினால் இதய வடிவம் வரும். குறுக்கே வெட்டினால் வெறும் வட்டம். கிவி நேர்மாறு: குறுக்கே வெட்டினால்தான் வெள்ளை நடுவும் அதைச் சுற்றிக் கறுப்பு விதைகளும் தெரியும். தோலுரித்த முழு மிகானையும் குறுக்கே வெட்டினால்தான் சுளைகள் பூ மாதிரி விரியும். எந்த வெட்டு பிடித்திருக்கிறதோ, கத்தி அந்த வழியாகவே போகும்படி பழத்தைப் படுக்க வைக்க வேண்டும். ஸ்ட்ராபெரி கத்தி போகும் கோட்டின் மேலேயே நீளமாகப் படுக்கும். கிவியும் மிகானும் கோட்டுக்குக் குறுக்கே படுக்கும். வாழைப்பழம் உங்கள் விருப்பம். கோட்டோடு வைத்தால் நீளப் பட்டை, குறுக்கே வைத்தால் வட்டம்.

சரி, முக்கோணமாக வெட்டப் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பிரெட்டின் மேல் மூலைக்கு மூலை ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கீழ்த் துண்டில் அரை சென்டிமீட்டர் கனத்துக்குக் கிரீம் பூசி, அந்தக் கோட்டின் மேல் மூன்று ஸ்ட்ராபெரியை ஒரே பக்கம் நுனி பார்த்தபடி வரிசையாக வையுங்கள். கோடு ஒவ்வொரு பழத்தின் நட்ட நடுவில் போக வேண்டும். அரை விரல் தள்ளினாலும் ஒரு பாதியில் பெரிய பழமும் மறுபாதியில் சீவலும்தான் வரும். மிச்சம் இரண்டு பழத்தைக் கோட்டின் இருபுறமும் காலியாக இருக்கும் மூலைப்பக்கம் ஒவ்வொன்றாக வையுங்கள். அவை வெட்டுமுகத்தில் தெரியாது. ஆனால் அவை இல்லையென்றால் இரண்டாவது கடியில் வெறும் கிரீம்தான். முகத்தில் மட்டும் பழத்தைக் காட்டிவிட்டு உள்ளே காலியாக விற்கும் சாண்டோவை நானும் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன். வீட்டில் அந்த அநியாயம் வேண்டாம்.

பழங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கட்டும். ஒன்று மட்டும் தூக்கிக்கொண்டிருந்தால் மேல் பிரெட் கூடாரம் போட்டு நிற்கும். அடுத்து, இடுக்குகளை நிரப்புங்கள். பழத்துக்கும் பழத்துக்கும் நடுவே காற்று நின்றால் வெட்டும்போது அங்கே குழி தெரியும். பைப்பிங் பை இல்லாவிட்டால் ஜிப் பையில் கிரீமை அடைத்து மூலையைக் கத்தரித்தால் போதும். சின்ன ஸ்பூனும் நல்லதுதான். நுனி வளைந்த பாலெட் கத்தி வாங்கச் சொல்லி வீடியோக்களில் சொல்வார்கள், இந்த ஒரு வேலைக்காக வாங்க வேண்டியதில்லை.

மேலே கிரீமை நடுவில் சற்று மேடாகவும் ஓரத்தில் குறைவாகவும் பரப்புங்கள். மேல் துண்டின் உட்பக்கமும் மெல்லிதாகக் கிரீம் பூசி மூடுங்கள். இரண்டு துண்டிலும் கிரீமின் கொழுப்பு ஒரு பூச்சாக நிற்பதால் பழச்சாறு அவ்வளவு சீக்கிரம் பிரெட்டில் இறங்காது. வெண்ணெய் தனியாகத் தடவத் தேவையில்லை.

இப்போது கிளிங் ராப்பில் இறுக்கமாகச் சுற்றி, மார்க்கர் பேனாவால் ராப்பின் மேல் கத்தி போக வேண்டிய கோட்டைப் போடுங்கள். மூடிய பிறகு நான்கு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். பழம் எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்குப் போகிறது என்று நினைவில் இருக்கும் என நம்பாதீர்கள். இரண்டு சாண்ட்விச் செய்தால் நிச்சயம் குழம்பும்.

குளிர்விப்பதும் வெட்டுவதும்

மேலே ஒரு தட்டை மட்டும் பாரமாக வைத்து, ஃபிரிட்ஜில் குறைந்தது ஒரு மணி நேரம். ஃப்ரீஸர் வேண்டாம். உறைந்த பழம் இளகும்போது தண்ணீர் விடும்.

கத்தி நீளமாக, மெல்லிதாக, கூராக இருக்க வேண்டும். பிரெட் வெட்டும் பல் கத்தியைப் பலர் சிபாரிசு செய்வார்கள். அது கிரீமை இழுத்துக்கொண்டு வந்து சிவப்பின் மேல் பூசிவிடும் என்பதால் நான் தொடுவதில்லை. கத்தியைச் சுடுதண்ணீரில் காட்டி, துடைத்து, கோடு இருக்கும் திசையைப் பார்த்து வைத்துக்கொண்டு ராப்பைப் பிரியுங்கள். முதலில் நான்கு ஓரம், அப்புறம் மூலைக்கு மூலை. அழுத்தாமல், முன்னும் பின்னுமாக நீளமாக இழுத்து வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைத்து மறுபடி சுடுதண்ணீரில் காட்ட வேண்டும். சோம்பல்பட்டுத் துடைக்காமல் விட்டால், அவ்வளவு பார்த்துப் பார்த்து வைத்த பழத்தின் மேல் கிரீம் தீற்றல்தான் தெரியும்.

பிற்சேர்க்கை

பதிவு போட்ட பிறகு வந்த கேள்விகளில் அதிகம் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும்: “எவ்வளவு அடித்தாலும் கிரீம் தண்ணீராகவே இருக்கிறது.” நம் ஊரில் சின்ன அட்டைப் பெட்டியில் வரும் ஃப்ரெஷ் கிரீம் 25 சதவீதக் கொழுப்புதான். அது குழம்புக்கும் பாயசத்துக்கும் சரி, அடித்து நிமிர்த்த முடியாது. குறைந்தது 30 சதவீதம் இருக்கும் விப்பிங் கிரீமாகப் பார்த்து வாங்குங்கள், இருந்தால் 35. உறைந்த நிலையில் வரும் பால் சேராத விப் டாப்பிங் என்றால் அதில் ஏற்கெனவே இனிப்பு இருக்கும், சர்க்கரை போடாதீர்கள். அதன் தித்திப்பு பிடிக்காதவர்கள், கெட்டித் தயிரைத் துணியில் கட்டி இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வடியவிட்டு, அடித்த கிரீமில் மூன்றில் ஒரு பங்கு அளவு கலக்கலாம். ஜப்பானிலும் இப்படிச் செய்பவர்கள் உண்டு. லேசான புளிப்பு ஸ்ட்ராபெரிக்கு நன்றாகவே சேரும்.

மே மாதச் சமையலறையில் ஐஸ் தண்ணீர் மட்டும் பற்றாது. கிண்ணத்தையும் விஸ்கையும் அரை மணி நேரம் ஃப்ரீஸரில் வைத்து எடுங்கள், மின்விசிறிக்கு அடியில் நின்று அடிக்க வேண்டாம்.

மாம்பழம் போடலாமா என்று கேட்டிருந்தார்கள். தாராளமாக. இங்கே விலை எக்கச்சக்கமான மியாசாகி மாம்பழத்தை வாங்கி சாண்டோவில் வைக்க எனக்கு மனசு வராது, நீங்கள் கொடுத்து வைத்தவர்கள். பங்கனப்பள்ளி இதற்கு அருமை. நார் இல்லை, சதை கெட்டி. கொஞ்சம் காயாக இருக்கும்போதே எடுத்து, விரல் கனத்துக் கட்டைகளாக நறுக்கிக் கோட்டுக்குக் குறுக்கே அடுக்குங்கள். நன்கு கனிந்ததைப் போட்டால் கத்தியோடு வழிந்துவிடும்.

ஒசாகாவிலிருந்து ஒரு அக்கா, அவர் பக்கத்துக் கடையில் 8 துண்டு பாக்கெட்டே இல்லை என்று எழுதியிருந்தார். ஒசாகா இருக்கும் கன்சாய் வட்டாரத்துக்காரர்களுக்குக் கனமான பிரெட்தான் பிடிக்கும், 4, 5 துண்டு பாக்கெட்டுகள்தான் அங்கே நிறைய. பேக்கரியில் முழு பிரெட் வாங்கினால் கேட்ட கனத்தில் வெட்டித் தருவார்கள், அதுதான் வழி. தமிழ்நாட்டில் இதற்கு நேர்மாறு. பாக்கெட் பிரெட் மெல்லிதாகவும் சின்னதாகவும் இருக்கும். அதில் ஐந்து பழம் கொள்ளாது, கோட்டின் மேல் மூன்று மட்டும் வையுங்கள்.

பிள்ளைகளின் டிபன் பாக்ஸில் கட்டிக் கொடுக்கலாமா என்றால், கூடாது. ஃபிரிட்ஜை விட்டு எடுத்தால் உடனே சாப்பிட வேண்டிய பொருள் இது. ஃபிரிட்ஜிலேயே இருந்தாலும் அன்றே முடித்துவிடுங்கள். வெட்டிய ஓரங்களைத் தூக்கிப் போடாமல், வெண்ணெயும் சர்க்கரையும் புரட்டி, வாணலியில் சிறு தீயில் மொறுமொறுவென்று வறுத்துக் கொடுங்கள். டிபன் பாக்ஸுக்கு அது போதும்.