இன்ஜினை அணைக்கும் முன் ஒரு நொடிச் சோதனை

செஸ்னா 172 போன்ற சிறிய பிஸ்டன் விமானத்தை நிறுத்தி இன்ஜினை அணைக்கும் முன், ஐடில் (மிகக் குறைந்த) வேகத்தில் சாவியை ஒரு நொடி ‘ஆஃப்’க்குத் திருப்பி, உடனே ‘போத்’துக்கு, அதாவது வழக்கமாக ஓடும் நிலைக்கு, கொண்டு வாருங்கள். இன்ஜின் சத்தம் அடங்கி மீண்டால் சரி. அடங்காமல் ஓடினால், சாவியை எடுத்த பிறகும் அந்த புரொப்பெல்லர் உயிரோடுதான் இருக்கும். எரிபொருள் கலவையைக் கட்டுப்படுத்தும் மிக்ஸ்சர் குமிழை இழுத்து இன்ஜினை நிறுத்தி, எச்சரிக்கை அட்டை மாட்டி, மெக்கானிக்கிடம் சொல்லுங்கள்.

இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் கருவியான மேக்னெட்டோவுக்கு பேட்டரியே வேண்டாம். சுழன்றாலே தீப்பொறி தரும். ‘ஆஃப்’ என்பது அதை ஒரு ஒயர் வழியாக எர்த் செய்வதுதான். அந்த ஒயர் அறுந்திருந்தால், சிலிண்டரில் கொஞ்சம் பெட்ரோல் மிச்சமிருந்தாலே போதும், புரொப்பெல்லரைக் கையால் லேசாக நகர்த்தும்போதுகூட இன்ஜின் பற்றிக்கொள்ளலாம். தயவுசெய்து புரொப்பெல்லரைப் பிடித்து விமானத்தைத் தள்ளாதீர்கள், அதற்கு டோ பார் (விமானத்தை நகர்த்தும் கம்பி) இருக்கிறது.

அதிக வேகத்தில் இதைச் செய்யாதீர்கள், சைலன்ஸர் வெடித்துப்போகலாம். மேக்னெட்டோவே இல்லாத டீசல் விமானங்களுக்கு இது பொருந்தாது. கையேடு வேறு முறை சொன்னால் அதுதான் முதலில். அப்புறம், சோதனை சரியாக வந்தாலும் புரொப்பெல்லர் சுழலும் வட்டத்துக்குள் நிற்காதீர்கள். ஒயர் நாளைக்கும் அறுந்துபோகலாம்.