மொன்றியலில் இருந்து குடும்பமாக முதல் பனிச்சறுக்கு

கனடாவுக்குப் புதிதாக வந்த உறவுகளையும், ரொறன்ரோவில் இருந்து வரும் மச்சாள் குடும்பத்தையும் குளிர்காலத்தில் மலைக்குக் கூட்டிப்போவது எங்கள் வீட்டு வழக்கம். எல்லோரும் முதலில் கேட்பது மொன்-ட்ரொம்ப்ளானைத்தான். படங்களில் பார்த்த வண்ணக் கூரைகளும் கடல்மட்டத்தில் இருந்து 875 மீற்றர் உயரமும் அப்படி இழுக்கும். நான் முதல் தடவை அங்கே கூட்டிப்போவதில்லை. புதிதாகப் பழகுகிறவர் அன்று முழுக்க நிற்கப்போவது அடிவாரத்துச் சின்னச் சரிவில். அதற்கு ஏன் பெரிய மலையின் கட்டணம்?

லோரன்சியன் மலைப்பகுதியில் உள்ள சென்-சொவர் போதும். 15ஆம் இலக்க நெடுஞ்சாலையில் வடக்கே சுமார் 60 கிலோமீற்றர், ஒரு மணித்தியால ஓட்டம். கிழக்குப் பக்கம் இருப்பவர்களுக்கு 10ஆம் இலக்கச் சாலையில் ப்ரொமொன். இரண்டிலும் இரவிலும் விளக்கு வெளிச்சத்தில் சறுக்கலாம். ஆனால் சிறுவர்களோடு முதல் பயணம் என்றால் பகலில்தான் போக வேண்டும்.

நாள் பார்க்கும்போது நத்தார் விடுமுறையையும், மார்ச் தொடக்கத்தை ஒட்டி வரும் பாடசாலை விடுமுறையையும் தவிருங்கள். அந்த நாட்களில், மலைமேலே ஏற்றிவிடும் லிஃப்ற்றின் வரிசையிலேயே பாதி நேரம் போய்விடும். ஜனவரி நடுப்பகுதிக்குப் பிறகு ஒரு வாரநாள் கிடைத்தால் மிக நல்லது. மழை பெய்து மறுநாள் குளிர் இறங்கியிருந்தால் போகவே வேண்டாம். இந்தப் பக்கத்து மலைகளில் அது அடிக்கடி நடக்கும். சரிவு முழுக்கக் கண்ணாடி மாதிரி இறுகிவிடும், பழகாத கால் அதில் நிற்காது. ரிக்கற்றை இணையத்தில் முன்கூட்டியே எடுத்தால் பெரும்பாலும் விலை குறைவு. காட்டும் விலைக்கு மேல் 5 வீதமும் 9.975 வீதமும் வரி சேரும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வாகனம். கியூபெக்கில் பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால ரயர் கட்டாயம். ஒன்ராறியோவில் அப்படிச் சட்டம் இல்லை என்பதற்காக சாதாரண ரயரோடு இங்கே மலை ஏற வராதீர்கள். மச்சாளுக்கு ஒவ்வொரு வருடமும் நான் சொல்வது இதுதான்.

இனி உடுப்பு. இதில்தான் நம்மவர்கள் பணத்தைத் தப்பான இடத்தில் செலவழிக்கிறார்கள். விலை கூடிய ஜக்கெற் வாங்கி, உள்ளே பருத்தி ரீசேர்ட் போட்டு அனுப்புவார்கள். பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே கிடக்கும். சறுக்கும்போது வியர்க்கும், லிஃப்ற்றில் அசையாமல் இருக்கும்போது அந்த ஈரம்தான் உடம்பைக் குளிர வைக்கும். உடம்போடு ஒட்டிய உடுப்பு கம்பளி அல்லது செயற்கை நூலாக இருக்கட்டும். அதன் மேல் ஃபிளீஸ், அதற்கு மேல் காற்றும் தண்ணீரும் புகாத ஜக்கெற். சிறுவர்களுக்கு ஐந்து விரல் கையுறையைவிட, விரல்கள் ஒன்றாகச் சேர்ந்து இருக்கும் மிற்றன் சூடு. சால்வை லிஃப்ற்றில் சிக்கும், அதற்குப் பதில் கழுத்தோடு மாட்டும் குழாய்த்துணி வாங்குங்கள்.

காலுக்கு ஒரே ஒரு சோடி காலுறை, மெல்லியது, முழங்கால் வரை வருவது. குளிர் என்று இரண்டு சோடி மாட்டுவது அம்மாக்களின் அன்பு, ஆனால் பனிச்சறுக்குச் சப்பாத்து இறுகி இரத்தம் ஓடாமல் கால் இன்னும் சீக்கிரம் விறைக்கும். உள்காற்சட்டையின் விளிம்பையும் சப்பாத்துக்குள் செருகாதீர்கள், கணுக்காலுக்கு மேல் வெட்டிவிடும். நிமிர்ந்து நிற்கும்போது பெருவிரல் முன்பக்கத்தை மெல்லத் தொட வேண்டும், முழங்காலை மடித்தால் விலக வேண்டும். அதுதான் சரியான அளவு. அப்புறம், எல்லாவற்றையும் மாட்டுவதற்கு முன் பிள்ளைகளைக் கழிவறைக்குக் கூட்டிப்போய் வந்துவிடுங்கள்.

ஸ்கீ, அதாவது காலில் மாட்டும் சறுக்குப் பலகை, வாடகைக்கு எடுக்கும்போது உயரம், எடை, வயது, எவ்வளவு பழக்கம் என்று கேட்பார்கள். சப்பாத்து அடியின் நீளத்தோடு சேர்த்து இவற்றை வைத்துத்தான், விழும்போது ஸ்கீ காலில் இருந்து கழன்றுகொள்ளும் இறுக்கத்தை அமைப்பார்கள். கூச்சத்தில் எடையைக் குறைத்துச் சொன்னால் தேவையில்லாத இடத்தில் கழரும். பழக்கத்தைக் கூட்டிச் சொன்னால் கழர வேண்டிய நேரத்தில் கழராமல் முழங்கால் முறுக்கும். உள்ளதைச் சொல்லுங்கள். ஹெல்மெற்றும் எடுத்துக்கொள்ளுங்கள், பெரியவர்களும்தான்.

பயிற்சி வகுப்பை விட்டுவிட்டு அப்பாவே சொல்லிக் கொடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். பதிவு செய்யும்போது ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பு வேண்டும் என்றும் கேட்கலாம். ஸ்கீக்களின் முன்நுனிகளைச் சேர்த்துப் பின்பக்கத்தை விரித்து, பிட்சாத் துண்டு வடிவில் வேகத்தைக் குறைப்பதைத்தான் முதலில் பழக்குவார்கள். விழப்போகிறீர்கள் என்று தெரிந்தால் பின்னால் சாயாமல், மேட்டுப் பக்கமாக இடுப்போடு சரிந்து உட்காருங்கள். எழும்பும்போது ஸ்கீ இரண்டும் சரிவுக்குக் குறுக்காக இருக்க வேண்டும். நேராக வைத்தால் எழும்ப முன்னமே கீழே போய்விடுவீர்கள்.

நாற்காலி லிஃப்ற்றில் ஏறப் பயமாக இருந்தால் இயக்குபவரைப் பார்த்துக் கையை உயர்த்தி, 'ராலாந்தீர், சில் வூ ப்ளே' என்று சொல்லுங்கள், வேகத்தைக் குறைப்பார். கைத்தடியின் பட்டியை மணிக்கட்டில் இருந்து கழற்றிவிட்டு ஏறுங்கள். உட்கார்ந்ததும் தடுப்புக் கம்பியை இறக்குங்கள்.

பாதைப் பலகைகளில் பச்சை வட்டம் எளிது, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம். ஆனால் அந்தத் தரம் அந்த மலைக்குள் மட்டும் ஒப்பிட்டது. ஒரு மலையில் நீலத்தில் இறங்கினேன் என்பதற்காக வேறு மலையின் நீலத்தில் துணிந்து போகாதீர்கள். முன்னால் போகிறவருக்கே முன்னுரிமை, மேலிருந்து வருகிறவர்தான் விலக வேண்டும்.

காற்றோடு சேர்ந்து குளிர் மைனஸ் 25க்குக் கீழே போனால் ஒவ்வொரு லிஃப்ற்றிலும் பிள்ளையின் கன்னத்தையும் மூக்கையும் பாருங்கள். வெளிறி மெழுகு மாதிரித் தெரிந்தால் உடனே உள்ளே போய் உள்ளங்கையால் பொத்திச் சூடாக்குங்கள், தேய்க்கக் கூடாது. தொலைபேசியை உள்பையில் வையுங்கள், வெளிப்பையில் இருந்தால் குளிரில் மின்கலம் இறங்கிவிடும்.

சாப்பாட்டுக்கு நாங்கள் ரோல்ஸும் பிளாஸ்கில் இஞ்சித் தேநீரும் கொண்டுபோவோம். மரக்கறி சாப்பிடுகிறவர்கள் பூத்தீன் (பொரித்த உருளைக்கிழங்கின் மேல் சீஸும் குழம்பும்) வாங்குமுன் கேளுங்கள், அதன் குழம்பு பெரும்பாலும் இறைச்சிச் சாற்றில் செய்தது. சாப்பிடும் நேரத்தில் சப்பாத்தின் கொக்கிகளைத் தளர்த்திவிடுங்கள். பிற்பகல் இரண்டரை மணிக்கே கால் களைத்துவிடும். காலை இழுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கும் பிள்ளையை மறுபடி மேலே அனுப்பாதீர்கள்.

பச்சைப் பாதையில் நிற்காமல் இறங்கப் பழகிய பிறகு ட்ரொம்ப்ளானுக்குப் போங்கள். அங்கே நான்சென் என்ற பச்சைப் பாதை உச்சியில் இருந்து அடிவாரம் வரை வளைந்து வளைந்து இறங்கும். புதியவருக்கும் மலை முழுவதையும் கொடுக்கும் பாதை அது. நீலமும் கைவந்துவிட்டால் கியூபெக் நகரத்துப் பக்கம்: ஸ்டோனம், மொன்-சென்த்-ஆன், இன்னும் கிழக்கே ஷார்லவுவாவில் லு மசீஃப். லு மசீஃப்பில் உச்சிக்கும் அடிவாரத்துக்கும் இடையிலான இறக்கம் 770 மீற்றர், கனடாவில் ரொக்கி மலைகளுக்குக் கிழக்கே அதைவிடப் பெரிய இறக்கம் இல்லை. சென் லோரன்ஸ் ஆற்றை நோக்கியே சறுக்குவீர்கள், பனிக்கட்டிகள் மிதந்து போவது தெரியும். அதற்காகவே வானம் தெளிந்த நாளாகப் பார்த்துப் போங்கள். அங்கே போகும் 138ஆம் இலக்கச் சாலையில் ஏற்ற இறக்கம் அதிகம். புறப்படுமுன் கியூபெக் 511 என்ற சாலைத் தகவல் சேவையில் நிலவரத்தைப் பாருங்கள். கார்க் கண்ணாடி கழுவும் திரவம் நிறையவும் இருக்கட்டும்.