டில்லர் பைலட்டை ஹைட்ராலிக் ஸ்டியரிங்குக்கு மாட்டுறது எப்படி

நிபோங் திபால் பக்கம் சுங்கை கிரியான்ல படகு வச்சிருக்கிறவங்க பாதி பேரு வீட்ல பழைய டில்லர் பைலட் (சுக்கான் கைப்பிடிய ஒரு ராடால தள்ளி இழுத்து போட்ட தானா திசை மாறாம ஓட்டுற கருவி) ஒன்னு சும்மா கிடக்கும், போட்டுல இருக்கிறது ஆயில் அழுத்தத்துல சுக்கான திருப்புற ஹைட்ராலிக் ஸ்டியரிங்னால இது ஆகாதுன்னு ஒதுக்கி வச்சிருப்பாங்க. ஆகும்லா. அதோட மூளை நல்லாத்தான் இருக்கு, தள்ளுற கைதான் ஒத்துவராது. அந்தக் கைக்குப் பதிலா ரெண்டு பக்கமும் சுத்துற 12 வோல்ட் ஹைட்ராலிக் பம்ப் போடுறோம், அவ்வளவுதான் விஷயம்.

பம்ப் வாங்குறதுக்கு முன்னாடி சுக்கான தள்ளுற சிலிண்டர அளங்க. ரெண்டு பக்கமும் ராடு வர்ற சிலிண்டர், உள்விட்டம் 3.2 செண்டி, ராடு 1.6, ஓட்டம் 20 செண்டின்னு வச்சுக்குங்க, 3.2யும் 1.6யும் தனித்தனியா ஸ்கொயர் பண்ணி கழிச்சு 0.785ஆல பெருக்கி அப்புறம் 20ஆல பெருக்கினா சுமார் 120 சிசி. இப்ப பைலட்டோட ராடு லோடு இல்லாம ஒரு கோடியிலேர்ந்து மறு கோடிக்கு எத்தனை வினாடியில போகுதுன்னு ஹேண்ட்போன்ல பாருங்க. 12 வினாடின்னா, சிலிண்டரும் அதே நேரத்துல போகணும், அதாவது நிமிஷத்துக்கு 0.6 லிட்டர் பம்ப். எதுக்கு இந்தக் கணக்குன்னா, சுக்கான் சென்சார் இல்லாத பைலட்டு தன் மோட்டார் எவ்வளவு ஓடுச்சுங்கிறத வச்சுத்தான் சுக்கான் எங்க இருக்குன்னு ஊகிக்கும். பெருசா போட்டா நல்லதுன்னு பெரிய பம்ப் மாட்டினா, திசைகாட்டி கவனிக்கிறதுக்குள்ள சுக்கான் தாண்டிப் போயி படகு பாம்பா நெளியும்.

வயரிங்குக்கு வருவோம். பம்ப்ப நேரா பைலட்ல கொடுக்காதீங்க, பம்ப் 10 ஆம்ப் இழுத்தா உள்ள இருக்கிற போர்டு கருகிடும். பைலட் மோட்டார அப்படியே ஓட விடுங்க, அதோட ரெண்டு வயர்லேர்ந்து கிளை எடுத்து கார்ல போடுற 40 ஆம்ப் ரிலே (சின்ன கரண்ட்ல பெரிய கரண்ட மாத்தி விடுற சுவிட்ச்) ரெண்டுக்குக் கொடுங்க. ஒவ்வொரு ரிலேவோட காயிலுக்கும் சீரிஸ்ல, ஒரு பக்கம் மட்டும் கரண்ட விடுற 1என்4007 டயோடு ஒன்னு, ஒன்னுக்கு ஒன்னு எதிர்ப்பக்கமா, அப்பத்தான் ஒரு திசைக்கு ஒரு ரிலே மட்டும் இழுக்கும். காயிலுக்குக் குறுக்கயும் ஒரு டயோடு போட்டுக்குங்க. பம்ப் வயர் ரெண்டும் ரிலேக்கு ஒன்னா 30ம் நம்பர் கால்ல, 87ம் கால் பியூஸ் வழியா பாசிட்டிவ், 87ஏ கால் நெகட்டிவ். ரெண்டு ரிலேவும் சும்மா இருக்கும்போது ரெண்டு முனையும் நெகட்டிவ்லயே நிக்கும், மோட்டார் சட்டுனு பிரேக் போட்ட மாதிரி நின்னுடும், இது ரொம்ப முக்கியம். ரிலே கடகடன்னு அடிச்சா உங்க பைலட்டு மோட்டார விட்டு விட்டு ஓட்டுற ரகம், அதுக்கு ரிலே சரிப்படாது, மோட்டார் டிரைவர் போர்டுதான் வேணும். வயர் 4 ஸ்கொயர் மில்லிமீட்டர் போடுங்க, 2.5ல போக வர மொத்தம் 10 மீட்டர்னா 0.7 வோல்ட் வழியிலேயே காலி.

ஆயில் பக்கம் லேசுதான். ஹெல்ம்லேர்ந்து, அதாவது வீலுக்குப் பின்னாடி இருக்கிற கை பம்ப்லேர்ந்து, சிலிண்டருக்குப் போற ரெண்டு லைன்லயும் டி ஜாயிண்ட் மாட்டி பம்ப்புக்கு இழுங்க, மூணாவது லைன் ஹெல்ம் ஆயில் தொட்டிக்கு. ஓஸ் கிரிம்ப் பண்ண பினாங்கு வரைக்கும் ஓட வேணாம், செம்பனைத் தோட்டத்து டிராக்டருக்கு ஓஸ் அடிக்கிற கடையிலயே அடிச்சுக் கொடுப்பாங்க, ஆனா அங்க ஊத்துற 68 நம்பர் ஆயில மட்டும் வாங்கிட்டு வந்துடாதீங்க, ஸ்டியரிங்குக்கு அது கெட்டி, 15 இல்லாட்டி 22 போதும். பிரேக் ஆயில் வேணவே வேணாம், சீல் ஊதிப் போகும். பம்ப்லயும் ஹெல்ம்லயும் ஆயில் திரும்பி ஓடாம தடுக்கிற லாக் வால்வு இருக்கான்னு கேட்டு வாங்குங்க, இல்லன்னா பைலட் ஓடும்போது வீல் சுத்தும், வீல திருப்பினா ஆயில் பம்ப் வழியா நழுவும். சிலிண்டர் நிப்பிள்ல கண்ணாடி மாதிரி உள்ள தெரியிற டியூப் மாட்டி குமிழி வர்றது நிக்கிற வரைக்கும் காத்த எடுங்க.

இன்னொன்னு, பைலட்டுக்குள்ளதான் திசைகாட்டியும் இருக்கு. பம்ப் மோட்டார், ரிலே, ஸ்பீக்கர் எதுவும் ஒரு மீட்டருக்குள்ள வரக்கூடாது. பம்ப் கரண்ட வெட்ட வீல் பக்கத்துல கை எட்டுற மாதிரி ஒரு சுவிட்ச் வைங்க.

ஜெட்டியில கட்டி வச்சே முதல்ல பட்டன் அமுக்கி சுக்கான் சரியான பக்கம் போகுதான்னு பாருங்க, தலைகீழா போனா பம்ப் வயர் ரெண்டையும் மாத்தினா போதும். அப்புறம் கடல்ல கெயின், அதாவது பைலட்டு சுக்கான எவ்வளவு திருப்பணுங்கிற செட்டிங்க, குறைவா வச்சு ஆரம்பிங்க, நேர்கோட்டுல நிக்கிற வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. கோலா (ஆத்து முகத்துவாரம்) தாண்டுற வரைக்கும் கையிலேயே ஓட்டுங்க, வலையும் மிதந்து வர்ற கட்டையும் பைலட்டு கண்ணுக்குத் தெரியாது.