குதிரையோடு காட்டில் முகாமா? இரவுக்கும் தயாராகுங்கள்

சொந்தக் குதிரையை ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு போய், பகலில் காட்டுப் பாதையில் சவாரி, இரவில் அங்கேயே கூடாரம் என்று சில நாட்கள் தங்கி வருவது அமெரிக்காவில் பல குடும்பங்களின் வழக்கம். டென்னசி, வட கரோலைனா எல்லையில் உள்ள கிரேட் ஸ்மோக்கி மவுன்டன்ஸ் தேசியப் பூங்காவில் குதிரை போகக்கூடிய பாதைகள் மட்டும் சுமார் 550 மைல். ஆந்தனி கிரீக், கேட்டலூச்சி போன்ற இடங்களில் குதிரைக்காரர்களுக்கென்றே தனி முகாம்கள் இருக்கின்றன. முதல்முறை போகிறவர்கள் சேணம், லாடம், வரைபடம் எல்லாவற்றையும் சரிபார்க்கிறார்கள். சவாரி நாலைந்து மணி நேரத்தில் முடிந்துவிடும். மீதி நேரமெல்லாம் அந்தக் குதிரை எங்கே, எப்படி நிற்கப்போகிறது என்பதைத்தான் யோசிக்காமல் விடுகிறார்கள்.

லாயத்திலேயே வளர்ந்த குதிரைக்குக் காட்டு இரவு பெரிய அதிர்ச்சி. பக்கத்தில் முன்பின் தெரியாத குதிரைகள், காற்றில் கரடி வாடை, கழுத்துக்கு மேலே ஒரு கயிறு. கட்டி நிற்பதை அது முதன்முதலாக அங்கேதான் பழகவேண்டும் என்றால் அது நியாயமே இல்லை. மிரண்டு இழுத்தால் கயிறு அறும், இல்லாவிட்டால் கழுத்தில் அடிபடும். வீட்டிலேயே இரண்டு கம்பங்களுக்கு நடுவே கயிறு கட்டி, முதலில் ஒரு மணி நேரம், அப்புறம் அரை நாள், பிறகு ஒரு முழு இரவு என்று பழக்குங்கள். இதற்குச் சில வாரங்கள் ஆகலாம். இந்த ஒரு வேலைக்கு வேறு எதுவும் ஈடாகாது என்பது என் உறுதியான எண்ணம்.

கட்டும் இடத்திலும் பலர் தவறு செய்கிறார்கள். கையில் கிடைத்த மரத்தில் நேராகக் கட்டிவிட்டால், குதிரை சலிப்பில் தரையைப் பறிக்கும், பட்டையைக் கடிக்கும். சுற்றிலும் பட்டை உரிந்த மரம் பிழைக்காது. அதனால்தான் பல பூங்காக்களில் மரத்தில் கட்டத் தடை; அதற்கென நட்டுவைத்த கட்டுக்கம்பிகளில்தான் கட்டவேண்டும். இரண்டு மரங்களுக்கு இடையே உயரமாகக் கட்டும் ஹைலைனுக்கு அனுமதி உண்டென்றால், மரத்தைச் சுற்றி அகலமான வாரைப் போட்டு, கயிற்றை ஏழடி உயரத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். தலைக்கயிறு, குதிரை குனிந்து புல் தின்ன எட்டினால் போதும். அதற்கு மேல் தொய்வு விட்டால் கால் மாட்டிக்கொள்ளும்.

கட்டும் முன் தலைக்கு மேலே என்ன மரம் என்றும் பாருங்கள். ரெட் மேப்பிள் இந்தக் காடுகளில் எங்கும் இருக்கிறது. அதன் வாடிய இலைகள் குதிரையின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். காட்டுச் செர்ரியின் வாடிய இலையில் சயனைடு விஷம் உண்டாகும். காற்றில் கிளை முறிந்து விழுந்த மறுநாள்தான் அதிகக் கவனம் தேவை.

அடுத்தது தண்ணீர். ஒரு குதிரை நாளைக்கு 20 முதல் 40 லிட்டர் வரை குடிக்கும். ஆனால் வாசனை மாறிய தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் குதிரைகள் நிறைய. "தாகம் எடுத்தால் தானாகக் குடிக்கும்" என்று விட்டுவிடாதீர்கள். குடிக்காத குதிரைக்குக் குடலில் தீனி இறுகி, கோலிக் என்னும் வயிற்றுவலி வரும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. இந்த வலி உயிரையே எடுத்துவிடலாம். முதல் நாளுக்காவது வீட்டுத் தண்ணீரைக் கேன்களில் கொண்டுபோங்கள். தீனியைத் திடீரென்று மாற்றினாலும் இதே ஆபத்துதான். மேற்கு மாநிலங்களின் தேசிய வனங்கள் பலவற்றில் களைவிதை இல்லை என்று சான்று பெற்ற புல்லை மட்டுமே உள்ளே விடுவார்கள். அப்படியானால் ஒரு வாரம் பத்து நாள் முன்பிருந்தே அந்தப் புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து கொடுத்துப் பழக்குங்கள். கரடி உலவும் காடுகளில் குதிரைத் தீனியும் உங்கள் சாப்பாடு மாதிரியே வண்டிக்குள் பூட்டிவைக்க வேண்டிய பொருள்.

காகிதங்களை அலட்சியம் செய்து நுழைவாயிலிலேயே திரும்பியவர்களும் உண்டு. மாநில எல்லை தாண்டப் பெரும்பாலும் 12 மாதத்துக்குள் எடுத்த காகின்ஸ் ரத்தப் பரிசோதனைச் சான்று கேட்பார்கள். குதிரை ஈக்கள் பரப்பும் ஒரு ரத்தசோகை நோய்க்கான சோதனை இது. அந்த நோய்க்கு மருந்து கிடையாது. நோய் உறுதியானால் குதிரையைக் கொல்லவேண்டும், அல்லது மற்றக் குதிரைகளிலிருந்து குறைந்தது 200 கஜம் தள்ளி ஆயுள் முழுக்கத் தனியே வைக்கவேண்டும். பல ஊர்க் குதிரைகள் ஒரே முகாமில் நிற்கும்போது இந்தச் சான்று எல்லோருக்கும் பாதுகாப்பு. விறகையும் வீட்டிலிருந்து எடுத்துப் போகாதீர்கள். மரம் துளைக்கும் பூச்சிகள் அதில் ஒளிந்து வரும் என்பதால், ஸ்மோக்கிக்குள் வெளியிலிருந்து கொண்டுபோக, வெப்பமூட்டிச் சான்று பெற்ற விறகுக்கு மட்டுமே 2015 முதல் அனுமதி.

சவாரியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஆளும் சேணமும் பையும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. மலையேற்றத்தில் நின்று நின்று போங்கள். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை துடிக்கும் குதிரையின் இதயம், நிறுத்திக் கால் மணி நேரம் ஆன பிறகும் 64க்குக் கீழே இறங்கவில்லை என்றால் அன்றைய சவாரி அத்தோடு முடிந்தது. எதிரே பெரிய முதுகுப்பையோடு யாராவது நடந்து வந்தால், பாதையின் சரிவுப் பக்கம் ஒதுங்கி நின்று நாலு வார்த்தை பேசச் சொல்லுங்கள். குரல் கேட்டதும் அது மனிதர்தான் என்று குதிரைக்குப் புரிந்துவிடும்.

கைப்பேசியைச் சேணப்பையில் வைக்காதீர்கள். நீங்கள் கீழே விழுந்து குதிரை ஓடிவிட்டால் உதவிக்கு அழைக்கவேண்டிய கருவியும் அதோடு போய்விடும். அதை உங்கள் உடம்போடு கட்டிக்கொள்ளுங்கள். குதிரைக்கு உங்கள் தொலைபேசி எண்ணும் முகாம் எண்ணும் எழுதிய பட்டையைக் கழுத்தில் மாட்டி, இரவிலும் கழற்றாமல் விடுங்கள்.