பிளேன் இறங்கிய பிறகும் இறங்காத தலை

போன ஆடியில் கனடாவிலிருந்து யாழ்ப்பாணத்தில் இருக்கிற ஊருக்குப் போயிருந்தேன். இறங்கிய மறுநாள் காலை, நொத்தாரிசு ஒருவரின் கந்தோரில், காணி உறுதியின் இரண்டாம் பக்கத்துக்கும் மூன்றாம் பக்கத்துக்கும் நடுவில், அவருடைய குப்பைக் கூடைக்குள் சத்தி எடுத்தேன். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் பக்கத்திலும் கையெழுத்து வைத்தேன்.

பெட்டியில் என்ன வைப்பது, எத்தனை கிலோ, யார் வீட்டுக்கு எந்தச் சொக்லேற் என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதை விடுங்கள். பயணம் ஒத்துவராத தலையோடு ஊருக்குப் போகிறவர்களுக்கு மட்டும்தான் என்னிடம் சொல்ல ஏதாவது இருக்கிறது.

எனக்கு இது சின்ன வயதிலிருந்தே. பருத்தித்துறை பஸ்ஸில் ஏறினால் அம்மா யன்னல் கரையைப் பிடித்துத் தருவா. கையில் ஒரு தேசிக்காயும் தருவா. நகத்தால் தோலைக் கீறி மணந்துகொண்டே போவேன். நெல்லியடி வருவதற்குள் கீற இடமில்லாமல் காய் முழுக்கப் பிறை பிறையாக நகத்தடம் விழுந்திருக்கும். வளர்ந்தால் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சரியாகித்தான் விடுகிறது. எனக்கு 52 வயது, இன்னும் ஆகவில்லை.

உள்காதுக்குள் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. தலை திரும்பினால் அவற்றுக்குள் இருக்கிற நீர் அசைந்து மூளைக்குச் செய்தி சொல்லும். பிளேன் குலுங்கும்போது காது ‘ஆடுகிறோம்’ என்கிறது. கண்ணோ முன் கதிரையின் முதுகைப் பார்த்துவிட்டு ‘எங்கே, சும்மாதானே இருக்கிறோம்’ என்கிறது. இரண்டு சாட்சியும் இரண்டு விதமாகச் சொன்னால் வழக்கு வயிற்றில்தான் தீர்கிறது. ஆகவே திரையில் படம் பார்ப்பது, போனை நோண்டுவது, வாசிப்பது எல்லாம் காதுக்கு எதிராகச் சாட்சி சொல்லக் கண்ணைத் தூண்டிவிடுகிற வேலை. பகலென்றால் யன்னலால் தூரத்து அடிவானத்தைப் பாருங்கள். இரவென்றால் கண்ணை மூடி, பின்தலையைக் கதிரையில் நன்றாக அழுத்தி, அசையாமல் வைத்திருங்கள். தலைக்கு மேலே காற்றுக் குமிழ் இருந்தால் அதைத் திருப்பி, முகத்தில் நேரே குளிர்காற்று படச் செய்யுங்கள். இது சின்ன விஷயம்தான், ஆனால் என்னைப் பல தடவை காப்பாற்றியிருக்கிறது.

இருக்கை இறக்கைக்கு நேரே இருக்க வேண்டும். தராசின் நடுமுள்ளைப் போல ஆட்டம் குறைந்த இடம் அதுதான். வால் பக்கம் போகப் போக வீச்சு கூடும். நான் இருந்தது கடைசியிலிருந்து மூன்றாவது வரிசை. இறக்கைப் பக்கத்து யன்னல் இருக்கைக்கு மேலதிகமாக 60 டொலர் கேட்டார்கள், மிச்சம் பிடித்தேன். ரொறன்ரோவிலிருந்து வளைகுடா வரை பன்னிரண்டு பதின்மூன்று மணி நேரம், அது பரவாயில்லை. அங்கிருந்து கட்டுநாயக்கா விமான நிலையம் வரையான நாலரை மணி நேரம்தான் ஆளை விழுத்தியது. ஆடியில் அரபிக்கடல் முழுக்கச் சோளகக் காற்று. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட விடுமுறையும் நல்லூர்த் திருவிழாவும் அந்த நேரத்தில்தான் வருகின்றன என்றால், அதற்கு நாங்கள் என்ன செய்ய?

இனிக் குளிசை. கனடாவில் கிரவோல் என்று விற்பது டைமென்ஹைட்ரினேட். பிளேன் கிளம்ப அரை மணி, ஒரு மணி நேரம் முன்னதாகவே போட வேண்டும். குமட்டல் தொடங்கினால் இரைப்பை வேலைநிறுத்தம் செய்துவிடும். அதற்குப் பிறகு விழுங்குகிற குளிசை உள்ளே அப்படியே கிடக்கும், அல்லது அப்படியே திரும்பி வரும். அதே பெயரில் இஞ்சிக் குளிசையும் விற்கிறார்கள், அதில் இந்த மருந்து கிடையாது. இஞ்சி சிலருக்கு உதவும், ஆனால் அவசரத்தில் மாறி வாங்கிவிடாமல் பெட்டியை வாசியுங்கள். லண்டனில் இருப்பவர்களுக்கு சினாரிசின் கிடைக்கிறது, அதை இரண்டு மணி நேரம் முன்னதாகப் போட வேண்டும். காதுக்குப் பின்னால் ஒட்டுகிற ஸ்கோபொலமைன் ஒட்டு மூன்று நாள் வரை நிற்கும். ஆனால் ஒட்டிய கையைக் கழுவாமல் கண்ணைக் கசக்கினால் கண்மணி விரிந்து பார்வை மங்கிவிடும். கண்ணில் அழுத்தம், புரொஸ்டேட் வீக்கம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் இவற்றில் எதையும் டொக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்கும் கேட்காமல் கொடுக்க வேண்டாம். வயதானவர்களுக்கு இவை புத்தியையே குழப்பிவிடலாம்.

இந்த டைமென்ஹைட்ரினேட் வந்த கதை எனக்குப் பிடிக்கும். 1947இல் பால்டிமோரில், ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆஸ்பத்திரியில், தோல் தடிப்புக்காக இதைச் சாப்பிட்ட ஒரு கர்ப்பிணி, ட்ராமில் வரும்போது வழக்கமாக வருகிற பிரட்டல் இப்போது வருவதில்லை என்று டொக்டர்களிடம் சொல்லியிருக்கிறார். அடுத்த வருடமே அமெரிக்கப் படைவீரர்கள் போன கப்பலில் வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். ட்ராமில் வயிறு பிரட்டிய ஒரு பெண்ணால் வந்த மருந்து என்பதால் அதன்மேல் எனக்கு ஒரு மரியாதை உண்டு. ஆனால் அது தூக்கமும் தரும். தூக்கம் தராத புதுவகை அலர்ஜிக் குளிசைகளைப் போட்டுப் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். அவை மூளைக்குள் அவ்வளவாகப் போவதில்லை, அதனால் குமட்டலையும் நிறுத்துவதில்லை.

கட்டுநாயக்காவில் விடிய நாலரைக்கு இறங்கினேன். நீர்கொழும்பில் ஒரு இரவு படுத்து எழும்பிவிட்டு வருகிறேன் என்று சித்தப்பாவுக்கு முன்கூட்டியே மூன்று தடவை போனில் சொல்லியிருந்தேன். வெளியே வந்தால் வான் நிற்கிறது. உள்ளே ஒன்பது பேர்.

“தம்பி, சொந்தச் சனம் இருக்க ஹோட்டலிலை படுத்தால் ஊர் என்னைப் பற்றி என்ன கதைக்கும்? நாளைக்குப் பத்து மணிக்கு நொத்தாரிசிட்டை நேரம் எடுத்தாச்சு. அவர் வெள்ளிக்கிழமை கொழும்புக்குப் போனால் பிறகு ஆவணியிலைதான் வருவார்.”

“ஓம் சித்தப்பா” என்றேன். முப்பது வருடமாகப் போனில் சொல்லிவந்த அதே ஓம்.

தலை சுற்றுகிறவர்களுக்கு வானில் முன் சீற்தான் மருந்து. அதில் சித்தப்பா இருந்தார். கேட்டிருந்தால் எழும்பியிருப்பார், நான் கேட்கவில்லை. வயதில் மூத்தவரை எழுப்பிவிட்டுக் கனடாக்காரன் முன்னுக்கு இருக்கிறான் என்ற பேச்சு எனக்கு வேண்டாமாக இருந்தது. நீங்கள் கேளுங்கள். கண்ணாடியில் தொங்குகிற மல்லிகை வாசனைப் போத்தலையும் கழற்றச் சொல்லுங்கள். கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர். புத்தளம் கழிய ஒரு குளிசை, வவுனியாவில் இன்னொன்று. முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு எல்லோரும் கச்சான் கொறித்தார்கள், நான் வான் சில்லைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரயில் ஓடுகிற காலமென்றால், ஒரு நாள் ஓய்வெடுத்துவிட்டுக் கொழும்புக் கோட்டை ஸ்டேஷனிலிருந்து ஓடுகிற திசையைப் பார்த்த இருக்கையாக எடுத்து, ரயிலிலேயே போய்விடுங்கள்.

பிளேன் பயணத்தைப் பற்றிப் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. நீண்ட ஆட்டத்துக்குப் பழகிய தலை, இறங்கிய பிறகும் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டே இருக்கும். சிலருக்கு ஒரு மணி நேரம், எனக்கு ஒன்றரை நாள். அன்று இரவு படுத்தால் கட்டில் மிதந்தது. கோடையில் ரொறன்ரோவுக்கும் ஊருக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம், ஆகவே இரவு முழுக்க விழிப்பு. காலையில் தலையை நிமிர்த்த முடியாமல் இன்னொரு குளிசை போட்டேன். அதோடு பத்து மணிக்குக் கந்தோர்.

சின்ன அறை. மேலே ஃபான் டக் டக்கென்று ஒரு சுற்றுக்கு ஒரு தடவை எதையோ தட்டியது. பழைய கோவைகளின் தூசு மணத்தோடு முத்திரை மையின் மணம். இலங்கையில் காணி உறுதி செல்லுபடியாக, நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் முன்னால் இருக்க, எழுதிக்கொடுப்பவர் கையெழுத்து வைக்க வேண்டும். 1840ஆம் ஆண்டுச் சட்டம், இன்றைக்கும் அதுதான். சாட்சிகள் இரண்டு பேரும் சித்தப்பாவின் கூட்டாளிகள். நொத்தாரிசு வாசித்துக்கொண்டே போனார். வடக்கு எல்லை ஒழுங்கை, கிழக்கு எல்லை இன்னார் காணி, நாலு பரப்பு, அதற்குள் அடங்கிய வீடு, கிணறு, பயன்தரு மரங்கள், வழிவாய்க்கால். குரல் ஏறி இறங்கியது. மேசை ஏறி இறங்கியது. அவர் சுட்டிக்காட்டிய புள்ளிக்கோட்டில் என் பேனை நிற்க மாட்டேன் என்றது.

“உங்களுக்கு இதிலை பூரண சம்மதம்தானே?”

தலையாட்டினேன். ஆட்டக்கூடாத தலையை ஆட்டியதன் பலன் அடுத்த கணமே கூடைக்குள் விழுந்தது. அறை முழுக்க அமைதி. சித்தப்பா தன் லேஞ்சியை நீட்டினார். மடிப்புக் குலையாத வெள்ளை லேஞ்சி. “பயணக் களைப்பு” என்று நொத்தாரிசிடம் சொல்லிவிட்டு, என் முதுகைத் தடவிக்கொண்டு, அடுத்த பக்கத்தைப் புரட்டி வைத்தார்.

மூன்றாம் நாள் விடியப் புறம் மூன்று மணிக்கு முதல் தடவையாகத் தலை தெளிந்தது. உறுதியின் நகலை எடுத்து வாசித்தேன். அப்பாவின் பங்கை முழுவதுமாகச் சித்தப்பாவின் மகளுக்கு, என் தங்கச்சிக்கு, நன்கொடையாக எழுதியிருக்கிறேன். கிணற்றுப் பங்கும் போய்விட்டது. அப்பா நட்ட கறுத்தக்கொழும்பான் மாவும், அதற்குப் பக்கத்தில் நின்ற தேசிமரமும் போய்விட்டன. ஏமாற்றினார்கள் என்று சொல்ல முடியாது. கலியாணத்துக்குத்தான் என்று போனிலேயே சொன்னார்கள், நானும் ஓம் என்றேன். 1995 இடப்பெயர்வில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போய், திரும்பி வந்து, கூரை மேய்ந்து, பற்றை வெட்டி, அந்தக் காணியைக் காணியாக வைத்திருந்தது சித்தப்பா. அந்த வருடங்களில் நான் ஸ்காபரோவில் பனி தள்ளிக்கொண்டிருந்தேன். கேட்டிருந்தால் முழுவதையும் கொடுத்திருப்பேன். ஆனால் முழித்திருந்து கொடுத்திருக்க வேண்டும். அந்த மரத்தடியில் போய் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வந்து கொடுத்திருக்க வேண்டும்.

ஆகவே, இறங்கிய அன்றும் அடுத்த நாளும் எந்தக் கடதாசியிலும் கையெழுத்து வைக்காதீர்கள். குளிசையின் பெட்டியில் வாகனம் ஓட்ட வேண்டாம் என்றுதான் போட்டிருக்கும். காணி எழுத வேண்டாம் என்று போட்டிருக்காது. உறுதியின் வரைவைப் புறப்பட இரண்டு கிழமைக்கு முன்பே வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அதை உங்களுக்கென்று ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். நேரில் நிற்கத் தேவையில்லாத வேலையென்றால், உங்களுக்குப் பதிலாக இன்னொருவர் கையெழுத்து வைக்க ரொறன்ரோவிலுள்ள இலங்கைத் துணைத்தூதரகத்தில் அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்பிவிட்டு, ஊருக்குப் போவதை ஊருக்குப் போவதாகவே வைத்துக்கொள்ளுங்கள். நொத்தாரிசு கொழும்புக்குப் போனால் போகட்டும். ஆவணியில் திரும்பி வருவார்.

சென்னை வழியாக யாழ்ப்பாணத்துப் பலாலிக்குப் பறந்தால் வான் பயணம் மிச்சம். ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் அது எழுபது சொச்சம் பேர் ஏறுகிற, இறக்கையில் விசிறி சுழல்கிற சின்ன விமானம், பெரிய பிளேனைவிடத் தாழ்வாகப் பறக்கும், மேகத்துக்கு மேகம் தட்டும். பின்கதவால் ஏறியதும் கிடைத்த இடத்தில் உட்காராமல் நடு வரிசைகளுக்குப் போகிற மாதிரி இருக்கையைப் பதிந்துகொள்ளுங்கள். காலையில் பறக்கக் கிடைத்தால் நல்லது, வெயில் ஏற ஏறத் தரைக் காற்று கிளம்பித் தூக்கிப் போடும்.

சாப்பாடு: வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. சித்தி கட்டித் தருகிற இறைச்சிக் கறிப் பார்சலை வாங்கிப் பையில் வையுங்கள், அங்கேயே திறக்காதீர்கள். உப்பு பிஸ்கற், சின்னச் சின்ன மிடறாகத் தண்ணீர். சாராய வகைகள் வேண்டவே வேண்டாம். மணிக்கட்டில் கட்டுகிற பட்டி சிலருக்குக் கேட்கிறது என்கிறார்கள், எனக்குத் தழும்புதான் மிச்சம். சத்திப் பை முன் பக்கெற்றில் இருக்கிறதா என்று உட்கார்ந்த உடனே கையை விட்டுப் பாருங்கள். வெட்கப்பட வேண்டாம்.

திரும்பி வரும்போது 60 டொலரைக் கட்டி இறக்கைக்கு நேரே யன்னல் கரையை எடுத்தேன். புறப்படும் அன்று காலை சித்தப்பா முற்றத்தில் நின்று தேசிமரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். நல்லதாக ஒன்றைப் பிடுங்கி, சாரத்தில் துடைத்து, என் கையில் வைத்தார். “சின்னனிலை உனக்கு இது வேணுமெல்லே” என்றார். அம்மா அதைக்கூட நினைவில் வைத்து அவரிடம் சொல்லியிருக்கிறா போல.

வழி முழுக்க அதைக் கீறி மணந்துகொண்டு வந்தேன். குளிசை ஒன்றோடு பயணம் முடிந்தது. கனடாவுக்குள் பழவகை கொண்டுவந்தால் எல்லையில் சொல்ல வேண்டும், ஊர்த் தேசிக்காயை எடுத்தாலும் எடுத்துவிடுவார்கள். பிளேன் தாழத் தொடங்கியபோது, நகத்தடம் விழுந்த அந்தக் காயைச் சத்திப் பைக்குள் போட்டு, வாயை மடித்து, முன் பக்கெற்றில் வைத்துவிட்டு இறங்கினேன்.